வெள்ளணுக்கள் வற்றிய நாள்களில் நுரையீரல் அறுவை

நுரையீரலில் கத்தி வைப்பதற்கு முன் அறுவை மருத்துவர் மூன்று செய்திகளை விசாரிப்பது வழக்கம்: காயம் சீழ்பிடிக்காமல் காக்க இரத்தத்தில் போதிய வெள்ளணுக்கள் உள்ளனவா, வெட்டிய இடத்தில் இரத்தம் உறையத் தட்டணுக்கள் போதுமா, ஒரு பகுதியை எடுத்த பின் எஞ்சும் நுரையீரல் உடலுக்கு வேண்டிய மூச்சைத் தருமா என்பன அவை. இரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான கீமோதெரபி பெற்று, அதன் நடுவே நுரையீரலில் பூஞ்சை புகுந்துவிட்ட நோயாளியிடம் இந்த மூன்றில் ஒன்றுக்கும் நல்ல விடை கிடைப்பதில்லை. ஆயினும் இத்தகையோருள் ஒரு சிலருக்கு அறுவையே உயிர் காக்கும் வழி என்பதையும், அந்த ஒரு சிலரை உரிய நாளில் இனங்காண்பதே இத்துறையின் மெய்யான திறமை என்பதையும் கடந்த நாற்பது ஆண்டுக்கால மருத்துவ அனுபவம் படிப்படியாகக் கற்றுத் தந்திருக்கிறது.

நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் என்று மருத்துவ நூல்கள் ஒரே தொடரால் குறிப்பிட்டாலும் அவர்கள் ஒரே வகையினர் அல்லர். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிப் பொருத்தப்பட்டு, வந்த உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுதும் மருந்துண்போர், மூட்டுவாதத்துக்கோ தோல் நோய்க்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்போர், எச்.ஐ.வி. தொற்றால் டி அணுக்களை இழந்தோர், சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனோர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கீமோதெரபியில் இருப்போர் எனப் பலரும் இதில் அடங்குவர். எதிர்ப்பாற்றலின் எந்தக் கூறு பழுதுபட்டதோ அதற்கேற்ப வந்து சேரும் கிருமியும் மாறுகிறது. டி அணுக்கள் குறைந்தவரை நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையும் காசநோய்க் கிருமியும் பற்றுகின்றன. 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா கண்டதாக அமெரிக்காவில் வெளிவந்த சிறு குறிப்பே பின்னாளில் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிவிப்பாக அமைந்தது. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் குறைந்தவரையோ இழைப் பூஞ்சைகள் பற்றுகின்றன. அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுவது இந்த இரண்டாம் வகையினரிடத்தில்தான் என்பதால் இக்கட்டுரை அவர்களைச் சுற்றியே அமைகிறது.

நலமுள்ள ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு துளியினும் மிகச் சிறிய அளவில், சில ஆயிரம் நியூட்ரோபில்கள் இருக்கும். இந்த எண்ணிக்கை குறையக் குறையத் தொற்றும் பெருகுகிறது என்பதையும், எண்ணிக்கையோடு அது எத்தனை நாள் தாழ்ந்தே கிடக்கிறது என்பதும் சேர்ந்துதான் நோயாளியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதையும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜெரால்டு போடியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. இன்று மருத்துவமனைகள் 500 என்னும் எண்ணை எச்சரிக்கைக் கோடாகக் கொள்கின்றன. 100-க்குக் கீழே இறங்கி வாரக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுவது மிகக் கொடிய நிலை. கடுமையான இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் முதற்கட்டக் கீமோதெரபி, புற்றணுக்களை ஒழிக்கும் முயற்சியில் மஜ்ஜையையே ஏறத்தாழ வெறுமையாக்கிவிடுவதால், மூன்று வாரமும் அதற்கு மேலும் நோயாளி இந்நிலையில் கிடக்க நேர்கிறது.

அந்த மூன்று வாரங்களிலும் அவர் காற்றைச் சுவாசித்தே ஆக வேண்டும். மக்கிய வைக்கோலிலும் எருக்குழியிலும் ஈரம் ஊறிய சுவரிலும் கட்டட வேலையில் கிளம்பும் தூசியிலும் வாழும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அவற்றை உள்ளிழுக்கின்றனர். இப்பூஞ்சையை நுண்ணோக்கியில் கண்டு 1729-இல் பெயரிட்டவர் பியர் அந்தோனியோ மிகேலி என்னும் இத்தாலியத் தாவரவியலார். பாதிரியாராகவும் இருந்த அவருக்கு, தலை பருத்து நிற்கும் அதன் காம்பு, கத்தோலிக்கக் கோயில்களில் புனித நீர் தெளிக்கும் கருவியை நினைவூட்டியதால் அக்கருவியின் இலத்தீன் பெயரையே அதற்குச் சூட்டினார். வித்து ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்குதான் என்பதால் மூக்கு மயிரிலும் மூச்சுக்குழாய்ச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகள் வரை அது சென்றுவிடுகிறது. நலமுள்ளவரின் காற்றறைகளில் காவலிருக்கும் அணுக்கள் வித்தை விழுங்கிவிடுகின்றன. தப்பி முளைப்பதை நியூட்ரோபில்கள் அழித்துவிடுகின்றன. இரத்தப் புற்றுநோய் வார்டுக்கு அருகே சுவர் இடிப்பதும் மண் தோண்டுவதும் எத்தனை ஆபத்தானவை என்பது இதனால் விளங்கும். வடிகட்டிய காற்று மட்டுமே புகும் தனியறைகள் அந்நோயாளிகளுக்கு ஏற்பட்டதும் இதன்பொருட்டே.

முளைத்த பூஞ்சை என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் அறுவைக்கு இங்கே இடமிருப்பதன் காரணம் புலப்படும். வித்திலிருந்து நீளும் இழைகள் காற்றறையோடு நின்றுவிடாமல் அருகிலுள்ள இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து, குழாயின் போக்கிலேயே வளர்கின்றன. துளைபட்ட குழாயில் இரத்தம் உறைகிறது. உறைந்த இடத்துக்கு அப்பால் உள்ள நுரையீரல் திசு, வாய்க்கால் அடைபட்ட வயல்போல், இரத்தமின்றி மடிகிறது. மடிந்த திசு பூஞ்சைக்கு உணவாகிறது. நரம்பு வழியாக ஏற்றப்படும் எந்த மருந்தும் இரத்தத்தின் வழியேதான் உறுப்பைச் சென்றடைய வேண்டும். இரத்தம் ஓடாத இடத்தில் மருந்தும் ஓடாது. ஆகவே, சோதனைக் குழாயில் பூஞ்சையை எளிதில் கொல்லும் மருந்துகூட, மடிந்த திசுவின் நடுவில் ஒளிந்திருக்கும் இழைகளைத் தொட முடியாமல் போகிறது. மருந்து எட்டாத அந்த மையத்தை முழுதாக வெட்டி வெளியே எடுத்துவிடுவது என்னும் எண்ணம் இங்கிருந்தே பிறக்கிறது.

எண்ணம் எளிது, செயல் நெடுங்காலம் கைகூடவில்லை. காரணம், நோய் இருப்பது தெரியவே காலம் கடந்துவிடும். வெள்ளணு இல்லாத உடலில் சீழ் உண்டாவதில்லை, சளி குறைவு, சாதாரண எக்ஸ்ரே படம் பல நாள்கள் மாசற்றதாகவே தோன்றும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குப் பணியாத காய்ச்சல் ஒன்றே துப்பாக எஞ்சும். சி.டி. ஸ்கேன் இந்த நிலையை மாற்றியது. 1985-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர்கள், இத்தகைய நோயாளிகளின் சி.டி. படத்தில் திண்மையான ஒரு முடிச்சைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று தோன்றுவதை விவரித்தனர். நடுவிலுள்ள முடிச்சு மடிந்த திசு. சுற்றியுள்ள மங்கல், துளைபட்ட குழாய்களிலிருந்து கசிந்த இரத்தம். நிலவைச் சுற்றிப் பனிக்காலத்தில் தெரியும் பரிவட்டத்தை ஒத்திருப்பதால் இதனைப் பரிவட்ட அடையாளம் எனலாம்.

இந்த அடையாளத்தை முறையாகப் பயன்படுத்தியவர்கள் பிரான்ஸ் நாட்டின் திஜோன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தெனி கையோ என்பவரின் தலைமையில் இயங்கிய மருத்துவர்கள். வெள்ளணு குறைந்து காய்ச்சல் தணியாத ஒவ்வொருவருக்கும், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் தாமதமின்றி சி.டி. எடுப்பது என்று அவர்கள் ஒரு நியதி வகுத்துக்கொண்டனர். அதன் விளைவாக, முன்பு சராசரியாக ஏழு நாள் எடுத்த நோயறிதல் இரண்டு நாளுக்குள் முடிந்தது என்று 1997-இல் வெளியிட்டனர். அவர்களே தொடர்ந்து நடத்திய படப்பிடிப்பு ஆய்வு 2001-இல் வேறொரு செய்தியையும் தந்தது: தொடக்க நாளில் ஏறத்தாழ எல்லாரிடமும் காணப்படும் பரிவட்டம், ஒரு வாரத்தில் ஐந்தில் ஒருவரிடம் மட்டுமே எஞ்சுகிறது. ஸ்கேனை ஒரு வாரம் தள்ளிப்போடுவது என்பது சான்றை அழியவிட்டுவிட்டுத் தேடுவதற்குச் சமம். அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. சரியான மருந்து கொடுத்தும் முதல் வாரத்தில் பூஞ்சைத் திரள் படத்தில் பெரிதாகவே தோன்றுகிறது. இதைக் கண்டு மருந்து தோற்றது என்று பதறி அறுவைக்கு ஓடுவது பிழை. எப்போது வெட்டுவது என்பதைப் போலவே எப்போது வெட்டாமல் பொறுப்பது என்பதையும் இந்தப் படங்கள்தாம் கற்பித்தன.

இந்நோயின் போக்கில் மிகக் கொடிய முரண் ஒன்று உண்டு. மஜ்ஜை மீண்டும் தழைத்து வெள்ளணுக்கள் ஏறத் தொடங்குவதை நோயாளியும் குடும்பத்தினரும் ஆவலோடு எதிர்பார்த்திருப்பர். நாள்தோறும் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அந்த எண் கூடுவதைப் பார்த்து நெஞ்சு நிமிர்வர். ஆனால் பெரும் இரத்தக்கசிவு நேர்வது பெரும்பாலும் அந்த நாள்களில்தான். திரும்பி வந்த நியூட்ரோபில்கள் மடிந்த திசுவின் விளிம்பைத் தம் செரிமச் சுரப்புகளால் கரைக்கத் தொடங்குகின்றன. நலமுள்ள திசுவிலிருந்து மடிந்த திரள் கழன்று சுருங்க, இரண்டுக்கும் இடையே பிறை வடிவில் காற்று புகுகிறது. சி.டி. படத்தில் இந்தக் காற்றுப் பிறையைக் காண்பது உடல் போரிடத் தொடங்கியதன் நற்குறி என்றாலும், அந்தக் கரைப்பு நடக்கும் விளிம்பில் நுரையீரல் தமனியின் ஒரு பெரிய கிளை இருந்துவிட்டால் அதன் சுவரும் சேர்ந்து கரைந்து வெடிக்கிறது. காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஒரு தம்ளர் அளவுகூடக் காணாத இரத்தம் அதை நிரப்பிவிடும். எனவே இரத்தம் இருமும் நோயாளி இரத்த இழப்பால் இறப்பதைவிட மூச்சடைத்து இறப்பதே மிகுதி.

திஜோன் மருத்துவர்களின் அறுவைக் கொள்கை இந்த அறிவிலிருந்து எழுந்தது. பூஞ்சைத் திரள் நுரையீரல் தமனியின் பெரிய கிளையைத் தொட்டுக்கொண்டிருப்பதாக சி.டி. படம் காட்டினால், வெள்ளணுக்கள் முழுதாகத் திரும்பும் வரை காத்திராமல் அப்பகுதியை அகற்றிவிடுவது என்று அவர்கள் முடிவு செய்தனர். காத்திருந்து உடல் தேறிய பின் அறுப்பதே பாதுகாப்பு என்று அதுவரை நிலவிய பொது அறிவுக்கு இது நேர் எதிரானது. தட்டணுவும் வெள்ளணுவும் குறைந்திருந்த நிலையிலும் அந்த அறுவைகளைப் பெரும்பாலோர் தாங்கினர் என்பதே பிற நாட்டு மருத்துவமனைகளையும் துணியச் செய்தது. அறுவை அறைக்குள் நோயாளி வருமுன்பே குழாய் வெடித்துவிட்டால் செய்யக்கூடியது மிகச் சொற்பம் என்பதை நேரில் கண்டவர்களுக்கே அத்தகைய துணிவு வரும்.

அதே காலத்தில் மருந்துகளும் முன்னேறின. அறுவையின் எல்லை அதனால் சுருங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950-களில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணிலிருந்து பெற்ற நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஆம்போடெரிசின் பி, பல பத்தாண்டுகள் ஒரே பெரும் மருந்தாக இருந்தது. குளிர் நடுக்கத்தையும் சிறுநீரகப் பழுதையும் உண்டாக்கும் கொடுமை அதற்கு உண்டு. பின்னர் கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து தரும் வடிவம் வந்து அக்கொடுமை தணிந்தது. 2002-இல் வெளியான பெரிய ஒப்பீட்டாய்வில், வோரிகொனசோல் என்னும் புதிய மருந்தைப் பெற்றவர்களில் 12 வார முடிவில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் இது 58 விழுக்காடு. அதற்குப் பின் ஆஸ்பர்ஜில்லஸ் தாக்கிய பெரும்பாலோருக்கு மருந்தே முதல் சிகிச்சை, அறுவை விதிவிலக்கு என்னும் நிலை உறுதியாயிற்று. பெருங்குழாயையோ இதய உறையையோ ஒட்டிய திரள், ஒரே குழியிலிருந்து திரும்பத் திரும்ப வரும் இரத்தம், விலா எலும்புக்கும் மார்புச் சுவருக்கும் பரவிய நோய் ஆகியவையே இன்று ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றில் அறுவையை நாடச் செய்யும் முதன்மையான நிலைகள்.

மியூகர் வகைப் பூஞ்சைகளின் கதை முற்றிலும் வேறு. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் தமிழக வீடுகள்தோறும் பேசப்பட்டது இதுவே. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு அது கண்டறியப்பட்டதாக நடுவண் அரசு தெரிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மிஞ்சிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது மூக்கிலும் கண்ணிலும் தாக்கியதையே மக்கள் மிகுதியும் அறிந்தனர். நுரையீரலைத் தாக்கும் வடிவம் எண்ணிக்கையில் குறைவாயினும் அதனினும் கொடியது. ஆஸ்பர்ஜில்லஸை அடக்கும் வோரிகொனசோலுக்கு மியூகர் கட்டுப்படாது. ஆஸ்பர்ஜில்லஸைக் காட்டிக்கொடுக்கும் காலக்டோமானன் என்னும் இரத்தப் பரிசோதனையும் இதைக் காட்டாது. பூஞ்சைத் தொற்று என்று அறிந்து, தவறான பூஞ்சையை எண்ணி மருந்து கொடுத்து நாளைக் கடத்துவது இதனால் எளிதில் நேர்ந்துவிடுகிறது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஆம்போடெரிசின் தொடங்குவதில் ஆறு நாளும் அதற்கு மேலும் தாமதித்தபோது 12 வார இறப்பு ஏறத்தாழ 49 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

மருந்து இத்தனை தடுமாறும் இடத்தில் அறுவையின் பங்கு பெரிதாகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள், நுரையீரல் மியூகர் நோயில் அதுவரை வெளியான நிகழ்வுகளையும் தம் அனுபவத்தையும் தொகுத்து 1994-இல் எழுதிய கட்டுரை, அறுவை பெற்றவர்களில் 11 விழுக்காட்டினரும் மருந்து மட்டும் பெற்றவர்களில் 68 விழுக்காட்டினரும் இறந்ததாகக் காட்டியது. இந்த இரு எண்களும் நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் இடைவிடாது எடுத்தாளப்படுகின்றன. அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வது தகாது. அறுவை மேசைக்கு வந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். நோய் ஒரே மடலில் அடங்கியிருந்தவர், தாங்கும் உடல்வலு இருந்தவர், மேசைக்கு வரும்வரை உயிர் பிழைத்தவர் ஆகியோரே அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரு நுரையீரலிலும் நோய் பரவி மூச்சுத் திணறியவர்கள் மருந்துப் பட்டியலிலேயே நின்றனர். ஆகவே அந்த வேறுபாட்டின் ஒரு பகுதி கத்தியால் விளைந்தது, மற்றொரு பகுதி தேர்வால் விளைந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு அறுவை, மற்றவருக்கு இல்லை என்று ஆராய்வது இந்நோயில் அறத்துக்கு ஒவ்வாது என்பதால் இரண்டையும் துல்லியமாகப் பிரித்தறிய வழியில்லை. ஆயினும் மடிந்த திசுவில் மருந்து எட்டாது என்னும் இயற்கை நியதியும், பல நாட்டு மருத்துவமனைகளின் ஒத்த அனுபவமும் ஒரே திசையைக் காட்டுவதால், 2019-இல் வெளியான உலகளாவிய வழிகாட்டு நெறிகள், இயலும் இடத்தில் விரைவாகவும் முழுமையாகவும் அறுத்தெடுத்து, கூடவே கொழுப்புக் குமிழி ஆம்போடெரிசின் தருவதை வலுவாகப் பரிந்துரைக்கின்றன. அந்தப் பரிந்துரை நியாயமானது. அதற்கு ஆதாரமாகக் காட்டும் எண்களைத்தான் நிதானித்துப் படிக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே நோயாளியை ஆயத்தப்படுத்தும் வேலை பெரிது. தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000 அளவிலாவது நிற்கும்படி அவற்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை நடக்கும்போதும் முடிந்த பின்னும் இரத்த வங்கி விழித்திருக்க வேண்டும். கொடையாளர்களிடமிருந்து நாள்தோறும் தட்டணு திரட்டித் தரும் இரத்த வங்கி இல்லாத ஊரில் இந்த அறுவையே இல்லை என்பது மிகையன்று. மயக்க மருத்துவர், இரண்டு வழிகள் கொண்ட தனிவகைக் குழாயை மூச்சுக்குழாயில் செலுத்தி, அறுக்கும் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடச் செய்கிறார். இதனால் அறுக்கும் பக்கம் சுருங்கி இடம் கிடைப்பதோடு, அங்கே கசியும் இரத்தமும் பூஞ்சையும் நல்ல பக்கத்துக்கு வழிந்தோடாமலும் தடுக்கப்படுகின்றன. அந்த நல்ல பக்கமும் நோயுற்றிருந்தால் ஒற்றை நுரையீரலில் உயிரைத் தாங்க இயலாது. அறுவை அந்த இடத்திலேயே கைவிடப்பட வேண்டியதாகிறது.

வலது நுரையீரல் மூன்று மடல்களாகவும் இடது இரண்டு மடல்களாகவும் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மடலும் தனக்கெனத் தனி மூச்சுக்குழாய்க் கிளையும் தமனியும் உடைய சிறு கூறுகளாக மேலும் பிரிகிறது. விளிம்பில் இருக்கும் சிறு முடிச்சை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் போதும். ஆழத்தில் பெருங்குழாய்களை ஒட்டி இருப்பதை அப்படி எடுக்க முடியாது. முழு மடலையே நீக்க நேரும். ஒரு பக்க நுரையீரலை முழுவதும் எடுப்பது மிக அரிதான கடைசி வழி. இந்நோயாளிகளில் அதன் விலை மிக அதிகம். புற்றுநோய் அறுவையில் கட்டியைச் சுற்றி விளிம்பு விட்டு எடுப்பது நெறி. பூஞ்சை அறுவையிலோ மடிந்த திசு மிச்சமில்லாமல் எடுப்பதும், நல்ல திசுவை முடிந்தவரை மிச்சப்படுத்துவதும் ஒருசேர நிறைவேற வேண்டும், ஏனெனில் இந்த நோயாளிக்கு இன்னும் பல சுற்றுக் கீமோதெரபி காத்திருக்கிறது.

பூஞ்சை நிறைந்த குழி அறுவையின் நடுவே கிழிந்து மார்புக்கூட்டில் சிந்திவிடுவதே கைகளுக்குரிய பெரிய அச்சம். சிந்தினால் நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் பூஞ்சை பரவிச் சீழ்மார்பு ஏற்படும். அடுத்த அச்சம், மடலை நீக்கிய பின் தைத்து மூடிய மூச்சுக்குழாய் முனை ஆறாமல் திறந்துகொண்டு காற்று கசிவது. ஸ்டீராய்டு எடுத்த உடலில் தையல் ஆறுவது மெல்லத்தான். ஆதலால் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைப் பட்டை ஒன்றை அதன் இரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொணர்ந்து அந்த முனையின்மேல் போர்த்தித் தைப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி அறுக்கும் முறை 1990-களில் பரவிய பிறகு, விளிம்பிலுள்ள முடிச்சுகளை விலா எலும்புகளை விரிக்காமலேயே எடுக்க முடிகிறது. வலி குறைவதால் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுத்து இருமுகிறார், அதனாலேயே அறுவைக்குப் பிந்திய நிமோனியா குறைகிறது.

எடுத்த திசு உடனே நோய்க்குறியியல் மருத்துவரிடம் போகிறது. சீரான தடுப்புச் சுவர்களோடு கூர்ங்கோணத்தில் கிளைக்கும் மெல்லிய இழைகள் ஆஸ்பர்ஜில்லஸையும், அகன்று, தடுப்பு அருகி, ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் மியூகரையும் உணர்த்துகின்றன. பல நாளாக ஊகத்தின் பேரில் நடந்த மருத்துவம் இந்த ஒரு பார்வையில் உறுதியான தளத்துக்கு வந்துவிடுவதுண்டு. சில வேளைகளில் அறுவையின் நோக்கமே நோயை நீக்குவதாக இல்லாமல், என்ன நோய் என்று அறியச் சிறு துண்டு எடுப்பதாக மட்டுமே இருக்கிறது. பூஞ்சை என எண்ணியது நோக்கார்டியா என்னும் பாக்டீரியாவாகவோ, காசநோயாகவோ, புற்றுநோயின் பரவலாகவோ அங்கே வெளிப்படலாம்.

இரத்தம் இருமும் எல்லாரும் உடனே கத்திக்குச் செல்வதில்லை. இரத்தம் வரும் பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கம் கீழாக இருக்கும்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பது முதல் உதவி. நல்ல நுரையீரல் மேலே இருந்து உலர்ந்திருக்கும். அடுத்து, தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் மூச்சுக்குழாய்த் தமனியை நுண்துகள்களால் அடைக்கும் முறை உண்டு. 1970-களில் பிரான்சில் தோன்றிய இம்முறை, காசநோய்க் குழியில் வரும் பெருங்கசிவுக்கு இன்றும் பெருந்துணை. ஆனால் இழைப் பூஞ்சை துளைப்பது பல நேரங்களில் நுரையீரல் தமனியையே என்பதால், மூச்சுக்குழாய்த் தமனியை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதி கொள்வது ஆபத்து.

அறுவை எங்கே உதவாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். நியூமோசிஸ்டிஸ் நிமோனியா இரு நுரையீரலிலும் பனிமூட்டம்போல் பரவுவது. அங்கே வெட்டுவதற்கு ஓர் இடம் இல்லை, மருந்தே வழி. காற்றறைகள் வெடித்து நுரையீரல் சுருங்கும்போது மார்பில் குழாய் இடுவதோடு அறுவை மருத்துவரின் பணி பெரும்பாலும் முடிந்துவிடும். பாக்டீரியாவால் உண்டாகும் நுரையீரல் சீழ்க்கட்டி பெரும்பாலும் மருந்துக்கும் வெளியிலிருந்து இடும் வடிகுழாய்க்கும் ஆறிவிடுகிறது. மடல் முழுதும் அழுகிவிட்ட அரிய நிலையில்தான் கத்தி தேவைப்படுகிறது.

எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து வரும் நோயாளிகளைத் தமிழ்நாடு நெருக்கமாக அறியும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர், 1928-இல் சௌரி முத்து என்னும் மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் பின்னாளில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாகி, 2004-இல் அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிய முதல் எட்டு மருத்துவமனைகளில் ஒன்றாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1940-களின் இறுதியில் நிறுவிய நெஞ்சக அறுவைத் துறை, காசநோய் தின்ற நுரையீரல்களை அறுத்துப் பழகியது. மருந்துக்கு அடங்காத காசநோயில் ஒரே மடலில் குழி நின்றுவிட்டால் இன்றும் அறுவை பேசப்படுகிறது. அதற்கு முன் எச்.ஐ.வி. மருந்தால் டி அணுக்களை ஓரளவு மீட்டுக்கொள்வது பெரிதும் உதவுகிறது.

இரத்தப் புற்றுநோயாளிக்கோ அவ்வாறு காத்திருக்க எப்போதும் இயல்வதில்லை. பூஞ்சையை மருந்தால் அடக்கிய பின் படத்தில் ஒரு முடிச்சு எஞ்சி நிற்கிறது. அடுத்த கீமோதெரபியோ மஜ்ஜை மாற்றோ தொடங்கினால் வெள்ளணுக்கள் மறுபடி வற்றும், முடிச்சுக்குள் உறங்கும் பூஞ்சை விழிக்கக்கூடும். சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் புற்றுநோய் திரும்பும். ஒரு காலத்தில் இந்த முடிச்சுகளை மஜ்ஜை மாற்றுக்கு முன் எடுத்துவிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. பூஞ்சை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தே மாற்றுச் சிகிச்சையைக் கடத்தலாம் என்பது தெளிவான பின், ஒற்றையாய் நிற்பதும் எடுக்க எளிதானதும் குழாயை ஒட்டியதுமான முடிச்சுகளுக்கே அறுவை ஒதுக்கப்படுகிறது. இங்கே முடிவு எடுப்பது அறுவை மருத்துவர் ஒருவரின் வேலையன்று. புற்றுநோய் மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், கதிரியலாளர், மயக்க மருத்துவர் ஆகியோர் ஒரே படத்தின் முன் நின்று பேச வேண்டும்; நாள் கடந்த பின் வந்து சேரும் அழைப்பே அறுவை மருத்துவர்களின் நெடுநாள் குறை. வெட்டுவதற்கு அன்றே முடிவு செய்யாவிட்டாலும், பரிவட்டம் தெரிந்த முதல் நாளிலேயே அவரை அழைத்துக் காட்டிவிட்டால், குழாய் வெடிக்கும் இரவில் அந்த மார்பின் அமைப்பு அவருக்குப் புதிதாக இராது.

அறுவை முடிந்தவருக்கு மார்பில் இட்ட குழாய், நீருள்ள குடுவையோடு இணைக்கப்பட்டு, காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை சில நாள்கள் இருக்கும். பூஞ்சை மருந்து நிறுத்தப்படுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இழைகள் வேறிடத்தில் இருக்கலாம் என்பதால் மாதக்கணக்கில், வெள்ளணு வற்றும் அடுத்த சுற்று முழுவதும் அது தொடர்கிறது. காயம் ஆறி, குமிழிகள் நின்று, குழாயை உருவியதும், தள்ளிவைக்கப்பட்ட கீமோதெரபிக்குப் புற்றுநோய் மருத்துவர் மறுபடி தேதி குறிக்கிறார்.